பள்ளிக்கூடப் படங்கள் ஆண் பிள்ளைகளைச் சரியாகக் காட்டுகின்றனவா?

வீட்டில் மீசை அரும்பும் வயதில் ஒரு பையன் இருப்பதால்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் பதில்: பெரும்பாலும் இல்லை. ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது அப்படி.

நான் படித்தது ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. 2002இல் பிளஸ் ஒன் படித்தபோது ஆண்டு விழாவில் கண்ணகி பாண்டியனிடம் வழக்குரைக்கும் காட்சியை நாடகமாகப் போட்டோம். தமிழையா என்னைக் கண்ணகியாக்கினார். அம்மாவின் புடவை, வாடகைச் சவுரி, அட்டையில் செய்து ஜிகினாத் தாள் ஒட்டிய சிலம்பு. அதை ஓங்கி உடைத்தேன். உள்ளே போட்டிருந்த சிவப்பு மணிகள் மேடை முழுக்கச் சிதறின. பந்தலே கைதட்டியது.

மறுநாள் கண்மை முழுதாகப் போகவில்லை. வருகைப் பதிவு எடுத்த ஆசிரியர் என் பெயரை விட்டுவிட்டு "கண்ணகி" என்று கூப்பிட்டார். வகுப்பே சிரித்தது. அதன்பின் இரண்டு மாதம் பள்ளியில் நான் தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் இடைவேளையில் கழிப்பறைக்குப் போக வேண்டும், அங்கே சூழ்ந்துகொள்வார்கள்.

ஒருநாள் மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அதே பெயரைச் சொல்லிக் கத்தினான். அறைந்துவிட்டேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். "இப்போதுதான் நீ ஆம்பளை" என்று தோளில் கை போட்டார்கள். அத்தோடு கேலி நின்றது. மறுநாள் பிரேயருக்கு மூக்கில் பஞ்சோடு வந்த அந்தப் பையன் என்னைக் கண்டதும் "வணக்கம் அண்ணா" என்றான்.

நம் படங்கள் இப்படி அறைவதைத்தான் பின்னணி இசையோடு கதாநாயகன் பிறக்கும் நேரமாகக் காட்டுகின்றன. பஞ்சோடு நின்ற பையனுக்கு அடுத்த காட்சியில் இடமில்லை. குரலோ நடையோ மென்மையாக உள்ளவன் என்றால் நகைச்சுவைக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

'படத்தைப் படமாகப் பாருங்கள்' என்று சொல்ல வருகிறவர்களுக்கு: அடித்தது என் கைதான், எந்த இயக்குநர் மீதும் பழி போடவில்லை. ஆனால் அடித்தால் கைதட்டுவார்கள் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. எங்கிருந்து தெரிந்தது?

விதிவிலக்குகள் உண்டு. 2009இல் வந்த 'பசங்க' படத்தில் ஜீவாவும் அன்புக்கரசுவும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பெற்றோர் சண்டையில் அன்புக்கரசு படும் பாட்டையும் இயக்குநர் பாண்டிராஜ் காட்டுகிறார். 2018இல் '96' வந்தது. பள்ளியில் கூடப் படிக்கும் ஜானு தன் நெஞ்சில் கை வைத்ததும் மயங்கி விழுகிறான் ராம். அவனை யாரும் ஆணில்லை என்று சொல்லவில்லை. தியேட்டரில் என்னைச் சுற்றி எல்லோரும் ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.



பையனோடு உட்கார்ந்து முதலில் 'பசங்க' பாருங்கள். '96'ஐ இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.