முள்ளில் ஒட்டிய குமிழி

கேள்வி: ஐயா, என் 120 லிட்டர் பவளத் தொட்டிக்கு வயது பத்து மாதம். சென்ற ஞாயிறு சோதித்ததில் கால்சியம் 365 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1,140, காரத்தன்மை 8.4 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), நைட்ரேட் 5. உப்பு 35 (ஆயிரத்தில் 35 பங்கு) என்று, உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் முள் காட்டுகிறது. பவளங்கள் ஒரு வாரமாகச் சுருங்கியே கிடக்கின்றன. காரத்தன்மைக்குத் தினமும் சோடாக் கரைசல் ஊற்றுகிறேன். கால்சியம், மெக்னீசியம் போத்தல்களும் வாங்கிவிட்டேன். எதை முதலில் திறப்பது?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இரண்டையும் திறக்காதீர்கள்.

உப்பு 35 உள்ள கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 410, மெக்னீசியம் 1,290. உங்கள் எண்களை இவற்றால் வகுத்துப் பாருங்கள். ஒன்று 89 சதவீதம், மற்றது 88. பவளம் தின்று தீர்த்திருந்தால் கால்சியம் முந்திக்கொண்டு இறங்கியிருக்கும். மெக்னீசியம் அவ்வளவு எளிதில் அசையாது. இரண்டும் சொல்லிவைத்தாற்போல் இறங்கியிருப்பதால் என் சந்தேகம் உப்பின் மேல்தான். கடல்நீரில் உப்பு கூடும், குறையும்; முக்கியத் தாதுக்களின் விகிதம் மாறாது. 'சாலஞ்சர்' கப்பல் 1872 முதல் 1876 வரை சுற்றிக் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளைப் பகுத்து, டிட்மார் என்ற வேதியியலாளர் 1884இல் இதை உறுதிப்படுத்தினார். அந்தக் கணக்குப்படி உங்கள் தொட்டியில் உப்பு 31தான் இருக்க வேண்டும்.

காரத்தன்மை மட்டும் ஏன் இறங்கவில்லை? அதைத்தான் தினமும் ஊற்றித் தூக்கி நிறுத்துகிறீர்களே! நைட்ரேட் 5 நல்ல எண், விட்டுவிடுங்கள்.

முள் ஏன் 35 என்கிறது? விளக்கைப் பிடித்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடுகில் பாதி அளவு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் போதும், முள்ளைத் தூக்கிவிடும். உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அப்படியொரு முள்ளை நம்பி எட்டு மாதம் ஓட்டியவன் நான். வீட்டில் பழியெல்லாம் மீன்கள்மேல் விழுந்தது.

ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று இரவல் வாங்குங்கள். அதை வெறும் நீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் போதாது. உப்பு சரியாக 35 உள்ள அளவுக்கரைசலை அதன்மேல் ஒரு துளி விட்டுச் சரிபாருங்கள். 31 என்று வந்தால், தொட்டிக்குத் தேவைப்படுவது சுமார் அரைக் கிலோ உப்புதான். அதை அப்படியே கொட்டிவிடாதீர்கள். ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாக, நன்கு கரைத்த உப்புநீரைச் சில நாள் ஊற்றி வாருங்கள். நாளொன்றுக்கு ஒரு புள்ளிக்கு மேல் ஏற வேண்டாம். உப்பு 35ஐத் தொட்ட பிறகு கால்சியத்தை மறுபடி சோதியுங்கள். துளிக்குப்பியைச் செங்குத்தாகப் பிடியுங்கள், சாய்த்தால் துளியின் அளவு மாறும். சோதனை நீரின் இளஞ்சிவப்பு முழுதும் நீலமாகும்வரை பொறுங்கள். ஊதாவில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

போத்தல்களின் மூடி பிரிக்காமல் இருந்தால், கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.