கிளியரன்ஸ் என்றால் திருப்பி எடுக்க மாட்டார்களா?

கேள்வி: ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில் ‘கிளியரன்ஸ் சேல்’ என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். 699 வெள்ளியை (ரிங்கிட்) அடித்துவிட்டு 399 வெள்ளி என்று எழுதியிருந்த டேபிள் கிரைண்டரை வாங்கினேன். இரண்டாவது தடவை உளுந்து போட்டபோதே மோட்டார் நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “இது கிளியரன்ஸ் சாமான் அக்கா, திருப்பி எடுக்க மாட்டோம். கிளியரன்ஸ் என்றாலே அதுதான் அர்த்தம்” என்கிறார்கள். கஸ்டம்ஸில் பிடிபட்ட சாமானைத்தான் கிளியரன்ஸில் விற்பார்கள் என்கிறார் என் மாமியார். மலிவாக வாங்கினால் அப்படித்தான் இருக்கும், விட்டுத்தள்ளு என்கிறார் வீட்டுக்காரர். இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கடையில் சொன்ன பொருள் எந்த ஆங்கில அகராதியிலும் கிடையாது, சகோதரி. கிளியரன்ஸ் சேல் என்றால் தேங்கிப்போன சரக்கைத் தீர்த்துவிடுவதற்காக விலையைக் குறைத்து விற்பது. புது மாடல் வரப்போகிறது, அலமாரியில் இடம் வேண்டும். அல்லது தீபாவளிக்கு வாங்கிய சரக்கு தீபாவளி முடிந்தும் மிச்சமிருக்கிறது. இதைத்தான் மலாயில் ‘ஜுவாலான் பெங்ஹாபிசான் ஸ்டோக்’ என்று எழுதிவைக்கிறார்கள். கடைக்காரர் ஏன் விலையைக் குறைக்கிறார் என்பதை மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. சாமான் ஓடாது என்றோ, ஓடாவிட்டால் உங்கள் பாடு என்றோ அதில் எங்கேயும் இல்லை.

உங்கள் மாமியார் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துறைமுக ஊரில் வாழ்ந்தவர்களுக்கு கிளியரன்ஸ் என்றதும் முதலில் கஸ்டம்ஸ்தான் நினைவுக்கு வரும். கப்பலில் வந்த சரக்குக்குத் தீர்வை கட்டி, தாள்களைக் காட்டி, வெளியே எடுப்பதற்கும் அதே சொல்தான். ஆனால் கஸ்டம்ஸ் பறிமுதல் செய்த சாமானை விற்பதற்குப் பெயர் லேலோங். போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ மலாயில் அப்படி ஆனது. நம்முடைய ஏலம் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததாகவே தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி குறிக்கிறது. ஏலம் வேறு, கிளியரன்ஸ் வேறு. ஏலத்தில் வாங்குகிறவர்கள் போட்டி போட்டு விலை கேட்பார்கள். கிளியரன்ஸில் கடைக்காரரே விலை ஒட்டிவைத்திருப்பார்.

‘குளோசிங் டவுன் சேல்’ என்று இன்னொன்று உண்டு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கிளியரன்ஸ் என்பது சரக்கைப் பற்றிய பேச்சு. குளோசிங் டவுன் என்பது கடையையே மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு. வருஷக் கணக்கில் அந்த அறிவிப்புத் துணியைக் கட்டியிருக்கும் கடைகளை கோலாலம்பூரிலும் பார்க்கலாம், பினாங்கிலும் பார்க்கலாம். கடை மட்டும் மூடுவதாகக் காணோம். இதை விளம்பர உத்தி என்று சிரித்துவிட்டுப் போவது சரியில்லை. நாளைக்குக் கடை இருக்காது என்று நம்பித்தான் ஒரு தொழிற்சாலைப் பெண் சம்பளத்தில் பாதியை இன்றைக்கே அங்கே கொடுக்கிறாள். அவளை அவசரப்படுத்துவதற்காகவே சொன்ன பொய் அது.

சரி, உங்கள் கிரைண்டருக்கு வருவோம். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி, கடையில் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். எந்த வேலைக்காக அதை வாங்குவார்களோ அந்த வேலைக்கு உதவ வேண்டும், சிறு குறைகளும் இருக்கக் கூடாது. விலையும் கணக்கில் வரும் என்பது உண்மைதான். 399 வெள்ளி கிரைண்டரிடம் ஆயிரம் வெள்ளி கிரைண்டரின் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. அதற்காக இரண்டாவது அரைப்பிலேயே மோட்டார் நின்றுபோவதை எந்த விலைக்கும் உரிய தரம் என்று சொல்லிவிட முடியுமா?

கடைக்காரருக்குச் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. “இதில் இன்ன பழுது இருக்கிறது, அதனால்தான் இந்த விலை” என்று விற்பதற்கு முன்பே குறிப்பாகச் சொல்லியிருந்தால், அந்தப் பழுதுக்காக நீங்கள் பிறகு சண்டை போட முடியாது. பக்கத்தில் கீறல் இருக்கிறது என்று காட்டி விற்றிருந்தால் கீறலோடு முடிந்தது. மோட்டாரைப் பற்றி அவர் வாய் திறந்தாரா? கிளியரன்ஸ் என்று பொதுவாக ஒரு பலகை மாட்டியதால் எல்லாப் பழுதையும் சொன்னதாக ஆகாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தாலும் கவலைப்பட வேண்டாம். இந்தச் சட்டம் தரும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது என்று அதன் 6-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் வைக்க இடமில்லை என்றெல்லாம் திருப்பிக் கொடுக்கப் போனால், அங்கே கடைக்காரர் மறுக்கலாம்.

அப்புறம் அந்த 699 வெள்ளி. மலிவு விற்பனை விலைக்கென்று 1997-இல் வந்த விதிமுறைகள், பழைய விலை என்று காட்டும் தொகைக்கு ஒரு நிபந்தனை வைக்கின்றன. விற்பனை தொடங்குவதற்கு முந்தைய 3 மாதத்தில், தொடர்ந்து 28 நாளாவது அந்த விலையில் பொருள் விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும். நேற்று ராத்திரி 699 என்று எழுதி இன்று காலை அடித்த கோடு செல்லாது. விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவது பயனீட்டாளர் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படியும் குற்றம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்ல வேண்டும். மலிவாக வாங்கியவர் கேள்வி கேட்கக் கூடாது என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். இலவசமாக வாங்கியதுபோல் கூச்சப்படுகிறோம். 399 வெள்ளி கைநீட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், ஐயா. அந்தப் பணத்துக்கு மாவு அரைபட வேண்டும். இந்தக் கூச்சம் எத்தனை கடைக்காரர்களைக் காப்பாற்றிவருகிறது என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முதலில் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பழுதுபார்த்துத் தாருங்கள், இல்லாவிட்டால் மாற்றித் தாருங்கள், இரண்டும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்புங்கள் என்று கேளுங்கள், ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். அசையவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. கடைக்காரரும் வழக்கறிஞரோடு வர முடியாது. பாரத்தை நிரப்பத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். ரசீது, விலைச் சீட்டு, கிரைண்டர் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பலகையை அவர்கள் கழற்றுவதற்குள் அதையும் ஒரு படம் எடுத்து மனுவோடு சேர்த்துவிடுங்கள்.