லூடன்டார்ஃபின் வீரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மானியத் தளபதி லூடன்டார்ஃபைப் பற்றி வாசித்துவருகிறேன். 1923 நவம்பர் 9 அன்று, ஹிட்லரோடு சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்ற முயன்ற ஊர்வலத்தின் மீது மியூனிக்கில் போலீஸ் சுட்டபோது ஹிட்லர் தரையில் கிடந்தார். இவரோ நிமிர்ந்து நடந்துபோனார். முதல் உலகப்போருக்குப் பின் கைவிடப்பட்ட சிப்பாய்களுக்காக நின்றவரை வெறும் கலகக்காரர் என்று ஒதுக்குவது நியாயமா?

கே.

அன்புள்ள கே,

கொஞ்ச நாளாக 1918 செப்டம்பர் 29 என்ற தேதியிலேயே என் மனம் கிடக்கிறது. அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

மியூனிக் நடையை விடுங்கள். குண்டுக்கு அஞ்சாமை அவருடைய தொழில். வெர்டன் போர்க்களத்தில் பெயர் தெரியாத பையன்கள் அதை நாள்தோறும் செய்தார்கள்.

அந்த செப்டம்பர் 29 அன்று, பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்த ஜெர்மானியப் படைத் தலைமையகத்தில், உடனே போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று ஜெர்மானியப் பேரரசர் கைசரிடம் வற்புறுத்தியவர் யார்? இதே லூடன்டார்ஃப். போர் தோற்றுவிட்டது என்று சொன்னவர் அவர். இரண்டே நாளில் தன் அதிகாரிகளிடம், நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்த அரசியல்வாதிகளே இனி ஆட்சிக்கு வந்து சமாதானம் செய்யட்டும் என்றார். நவம்பர் 11 அன்று தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. தளபதியோ அந்த மாதமே போலிப் பாஸ்போர்ட்டில் ஸ்வீடனுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும், வெல்லவிருந்த படையை உள்நாட்டார் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்க்குத் தன் பெயரையும் புகழையும் கொடுத்தார்.

போர்நிறுத்தம் கேட்டவர் அவர். பழி எர்ஸ்பெர்கருக்கு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இது இல்லவே இல்லை. 1920 மார்ச்சில் அரசைக் கவிழ்க்க எர்ஹார்ட் படையணி என்ற வலதுசாரிப் படை பெர்லினைப் பிடித்தபோது லூடன்டார்ஃப் அந்தக் கலகக்காரர்களின் பக்கம் இருந்தார். அதே படையணியில் இருந்த இருவர்தான் 1921 ஆகஸ்டில், கருங்காட்டுப் பகுதியில் உலாவப் போயிருந்த எர்ஸ்பெர்கரைச் சுட்டுக்கொன்றார்கள்.

லூடன்டார்ஃபின் துயரத்தை நான் மறுக்கவில்லை. மனைவியின் முதல் திருமணத்து மகன்கள் இருவரைப் போரில் பறிகொடுத்தவர். 1918 மார்ச்சில் விமானத்தோடு வீழ்ந்த இளையவனின் உடலை அவரே அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர், பிள்ளையைப் பறிகொடுத்த மற்றத் தகப்பன்களிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? 1925இல் உருவான டானன்பெர்க் சங்கம் என்ற தீவிர தேசியவாத அமைப்பின் புரவலராகி, யூதர்கள், ஏசுசபையினர், ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார்தான் தோல்விக்குக் காரணம் என்றல்லவா அவர்களுக்குப் போதித்தார்?

நீங்கள் சொல்லும் சிப்பாய்களே அவரை நம்பவில்லை. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவருக்கு 3 லட்சம் வாக்குகூட விழவில்லை. இனி எழுதும்போது மியூனிக்கில் தொடங்காதீர்கள் தம்பி, ஸ்பாவில் தொடங்குங்கள்.