எலெக்ட்ரிக் கார்: வீட்டு பிளக் முதல் ஊட்டி மலை வரை

எலெக்ட்ரிக் கார் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஊர் கோவை, தொழில் வீட்டு வயரிங், ஓட்டுவது டாடாவின் எலெக்ட்ரிக் கார் நெக்ஸான் இவி. எந்தக் கார் நல்லது என்பதற்கு முன்னால் உங்கள் வீட்டு கரண்ட் எப்படி இருக்கிறது என்றுதான் நான் கேட்பேன், அதனால் பதில்களும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கேள்வி (திண்டுக்கல்): அண்ணா, போர்ட்டிகோவில் ஏசிக்குப் போட்ட 15 ஆம்ப் பிளக் இருக்கிறது. அதிலேயே காரைச் சார்ஜ் போடலாமா?

ஒரு அவசரத்துக்குப் போடலாம் தம்பி, தினமும் வேண்டாம். ரூம் குளிர்ந்ததும் ஏசி கம்ப்ரசர் நின்றுவிடும், பிளக்குக்கும் கொஞ்சம் ஓய்வு. கார் அப்படி இல்லை, எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பின் பிடிப்பு கொஞ்சம் லூஸாக இருந்தாலும் அந்த இடம் சூடாகி, பழுப்பேறி, கடைசியில் பிளக்கும் சாக்கெட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். மெயின் போர்டில் இருந்து தனி லைன் இழுங்கள்: 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்), முனையில் தரமான 16 ஆம்ப் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்காதீர்கள். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் அன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): சார், சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது. சர்வீஸில் காரில் குறை இல்லை என்கிறார்கள், எலெக்ட்ரீஷியன் வீட்டில் குறை இல்லை என்கிறார். யாரை நம்புவது?

பெரும்பாலும் எர்த்திங்தான் சார். எர்த் சரியில்லாவிட்டாலும் லைட் எரியும், ஃபேன் ஓடும், ஃபிரிட்ஜ் ஓடும், அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. கார் சார்ஜர் மட்டும் கரண்ட் எடுக்கும் முன்னால் எர்த்தைச் சோதிக்கும், இல்லையென்றால் மறுத்துவிடும். மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட் என்றால் நல்லது, பத்து இருபது காட்டினால் அங்கேதான் கோளாறு. சும்மா இருக்கும்போது அளந்தால் போதாது, கீசரோ மோட்டாரோ ஓடும்போதும் அளக்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்து போவது நம் ஊரில் சாதாரணம். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். அதில் சரியானால் உப்பும் கரியும் போட்டுக் குழியைப் புதுப்பிக்கலாம், ஆகாவிட்டால் புதுக் குழிதான். ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து சார்ஜரை ஏமாற்றுவது. சிவப்பு விளக்கு அணைந்துவிடும், உண்மைதான். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்க கரண்ட் இருக்கும், கதவைத் திறக்கப்போவது உங்கள் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அப்படிச் செய்து தருகிறேன் என்று சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (தாம்பரம்): மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஈபி பில் எவ்வளவு ஏறும்?

ஒரு யூனிட்டுக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் என்று வையுங்கள், சார்ஜ் ஆகும்போது வீணாவதும் இதில் சேர்த்தி. அப்படியென்றால் இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடும். நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப் படிகளின் கணக்கும் மாறிவிடும். இப்போது 400 யூனிட் எரிக்கும் வீடு காரோடு 700 தொட்டால், அந்த 300 யூனிட்டும் தலைக்குச் சுமார் 9 ரூபாய் விழும். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். லிட்டர் நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் இது ஆறரை ரூபாய்க்கு மேல். ஏற்கனவே 1000 யூனிட் தாண்டும் வீடு என்றால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல் போகும், அவர்கள் சோலாரையும் சேர்த்து யோசிக்கலாம். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வரை தரும், வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. வீட்டில் சொந்தக் கார் சார்ஜ் போட கமர்ஷியல் கனெக்‌ஷன் வேண்டுமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். வீட்டு சார்ஜிங்குக்கு வீட்டுக் கட்டணம்தான் என்று 2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

கேள்வி (மதுரை): சென்னையில் வேலை. குழந்தைகளோடு ஊருக்கு வர முடியுமா அண்ணா?

தாராளமாக. 460 கிலோமீட்டர், 45 கிலோவாட் அவர் (அதாவது 45 யூனிட்) பேட்டரி என்றால் வீட்டில் முழுச் சார்ஜோடு கிளம்பி, உளுந்தூர்பேட்டை பக்கம் டிபனுக்கு நிறுத்தும்போது ஒன்று, திருச்சி தாண்டி ஒன்று. வேகம் 90ஐத் தாண்டினால் ரேஞ்ச் கண்ணெதிரே குறையும். டிசி சார்ஜரில் (வழியில் இருக்கும் வேக சார்ஜர்) 80 சதவீதம் வந்ததும் எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் வேகம் குறைந்துவிடும், உங்கள் பின்னால் ஒருவர் காத்திருப்பார். பிளக்‌ஷேர் ஆப்பில் (சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும், போனவர்கள் பதிவும் போடுவார்கள்) அந்த இடத்தைப் பற்றிய கடைசி பதிவு எப்போது வந்தது என்று பார்க்காமல் எந்த சார்ஜரையும் நம்பிப் போகாதீர்கள், அடுத்த சார்ஜர் வரை போக 50 கிலோமீட்டராவது மிச்சம் வையுங்கள். விலை வீட்டைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் இருக்கும், 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. பொங்கல், தீபாவளிக்கு முந்தின மாலை கிளம்பாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): ஊட்டி ஏறும்போது சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

இல்லைங்க, அது மலைக்கான செலவு. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,800 கிலோ வரும் காரை அவ்வளவு மேலே தூக்க மட்டுமே 9 யூனிட் வேண்டும், தூரத்துக்கு ஆகும் செலவு தனி. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டர் போல வேலை செய்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும், இதைத்தான் ரீஜென் என்கிறோம். அதனால் இதில் நல்ல பங்கு திரும்பி வரும், பிரேக்கும் அதிகம் தேயாது. ஆனால் ஊட்டி ஹோட்டலில் ராத்திரி முழுக்கப் போட்டு 100 ஆக்கிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் கரண்டை வாங்க இடமில்லை, ரீஜென் வேலை செய்யாது, கொண்டை ஊசி வளைவுகளில் முழு வேலையும் சாதா பிரேக் தலையில் விழும். 80க்குள் வைத்து இறங்குங்கள்.

கேள்வி (வேளச்சேரி): மழையில் சார்ஜ் போடலாமா? வெள்ளம் வந்தால்?

மழையில் போடலாம், காரில் சொருகும் சார்ஜிங் கன்னும் கார் பக்கமும் அதற்கென்றே செய்தவை. உங்கள் சுவர் சாக்கெட்தான் நனையக்கூடாது. வெள்ளத்துக்கு முன்பே காரை மேடான இடத்துக்குக் கொண்டு போங்கள். தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம், லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): தினமும் 80 வரைதான் போட வேண்டும் என்கிறார்களே அக்கம்பக்கத்தில்?

பேட்டரி வகையைப் பொறுத்தது அம்மா. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் வாரம் ஒருமுறை 100 வரை போடுவது நல்லது, அப்போதுதான் காரின் மீட்டர் காட்டும் சார்ஜ் கணக்கு சரியாக இருக்கும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) என்றால் தினசரிக்கு 80 போதும். பெரிய பேட்டரிக்கு பல கம்பெனிகள் 8 வருடம் வாரண்டி தருகின்றன, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். எல்லோரும் மறப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரியை. அது இறங்கினால் பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும் கார் கிளம்பாது.

கேள்வி (போரூர்): வாடகை பிளாட், பார்க்கிங் உண்டு, பிளக் இல்லை. வெளியே சார்ஜ் செய்தே ஓட்டிக்கொள்ளலாமா?

வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன், ஆபீஸில் சார்ஜர் இருந்தால் ஒழிய. வெளிச் சார்ஜிங்கையே நம்பினால் பாதி லாபம் போய்விடும், வாரம் இரண்டு மாலை அங்கேயே கழியும். முதலில் ஓனரிடமும் அசோசியேஷனிடமும் பேசுங்கள். உங்கள் வீட்டு மீட்டரில் இருந்தே பார்க்கிங்குக்கு லைன் இழுத்தால் பொது பில்லில் யாருக்கும் பங்கு வராது, பெரும்பாலான சண்டை அதற்காகத்தான். லைன் செலவு என்னுடையது, காலி செய்யும்போது விட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். அனுமதி கையில் கிடைத்த பிறகு ஷோரூமுக்குப் போகலாம்.