சிகரெட்டுக்கு மட்டும் ஏன் இந்த சலுகை? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி, உங்ககிட்ட கேட்டுடலாம்னு எழுதுறேன். ஹெராயின், கொக்கெய்ன், கஞ்சா எல்லாம் கையில வச்சிருந்தாலே பல நாட்டுல ஜெயில். ஆனா அது எல்லாத்தாலயும் சாகுறவங்கள விட பல மடங்கு பேரை கொல்ற சிகரெட்ட வரி போட்டு, பாக்கெட்ல புற்றுநோய் படமும் போட்டு, கடையில வச்சு விக்கிறாங்க. இது பச்சையான இரட்டை வேஷம் இல்லையா? ஒண்ணு புகையிலையையும் தடை பண்ணணும், இல்ல மத்ததையும் திறந்து விடணும், ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுல என்ன லாஜிக் இருக்கு? வரிப் பணத்துக்கு ஆசைப்பட்டுதான் விட்டு வச்சிருக்காங்கன்னு எனக்கு தோணுது. எங்க சித்தப்பா ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுறவர், கடையில கிடைக்கலன்னா தானா விட்டுடுவார்னு நம்புறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?

(பேர் போட வேண்டாம் சார்.)

*

வணக்கம் தம்பி,

இரட்டை வேஷம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அத சரி பண்ண நீங்க சொல்ற வழி இருக்கே, அங்கதான் நான் முரண்படுறேன். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. எந்த போதைப்பொருள் சட்டத்துக்கு உள்ள, எது வெளியன்னு யாரோ விஞ்ஞானிங்க உக்காந்து அளந்து பாத்து பட்டியல் போட்டாங்கன்னு நம்ம மனசுல ஒரு எண்ணம் இருக்கு. அப்படி எதுவும் நடக்கல. அளந்து பாத்தவர் ஒருத்தர் இருக்கார், பிரிட்டன்ல டேவிட் நட். அரசாங்கத்துக்கே போதைப்பொருள் ஆலோசனை சொல்ற குழுவுக்கு தலைவரா இருந்தவர், எல்எஸ்டி, எக்ஸ்டசி, கஞ்சாவ விட மதுவும் சிகரெட்டும் கெடுதல்னு சொன்னார், 2009ல பதவிய புடுங்கிட்டாங்க. அடுத்த வருஷமே மத்த நிபுணர்களோட சேர்ந்து 20 பொருளுக்கு எது எவ்வளவு கெடுதல்னு 100க்கு மார்க் போட்டு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வெளியிட்டார், மது 72, ஹெராயின் 55, கொக்கெய்ன் 27, புகையிலை 26, கஞ்சா 20. அந்த மார்க் போட்ட முறைய குறை சொல்றவங்க இருக்காங்க, எனக்கும் அதுல முழு திருப்தி கிடையாது. ஆனா சட்டப் புத்தகத்துல இருக்குற வரிசைக்கும் அந்த வரிசைக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லங்கறது மட்டும் தெளிவு.

அப்போ புகையிலை எப்படி தப்பிச்சது? முந்திக்கிட்டது, அவ்வளவுதான். 1880கள் வரைக்கும் சிகரெட்ட கையால சுருட்டணும், ஒரு ஆள் ஒரு நிமிஷத்துக்கு நாலு சுருட்டினா பெரிய விஷயம். அப்போ அமெரிக்காவுல ஜேம்ஸ் பொன்சாக்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச மெஷின் நிமிஷத்துக்கு 200 பக்கம் தள்ளுச்சு. சூடான காத்துல இலைய பதப்படுத்துற முறை வேற வந்துருச்சு, அதுல புகை தொண்டைய அறுக்காம இதமா நுரையீரல் வரைக்கும் போகும். மலிவா, இதமா, பாக்கெட்ல போட்டுட்டு போற மாதிரி ஒரு பொருள். அப்புறம் ரெண்டு உலகப் போர், சிப்பாய்ங்களுக்கு ரேஷன்லயே சிகரெட். ரெண்டாவது போர் முடிஞ்ச சமயத்துல பிரிட்டன்ல பத்துக்கு எட்டு ஆம்பளைங்க ஏதாவது ஒரு விதத்துல புகைக்கிறவங்க. இதெல்லாம் நடந்து முடிஞ்ச பிறகுதான் 1950ல ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில்னு ரெண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளருங்க நுரையீரல் புற்றுநோய்க்கு காரணம் சிகரெட்னு காட்டுறாங்க (டால் ஆரம்பத்துல ரோட்டுக்கு போடுற தாரும் கார் புகையும்தான் காரணமா இருக்கும்னு நினைச்சாராம், கணக்கு வேற சொன்னதும் ஆய்வு முடியறதுக்கு முன்னாடியே அவரே சிகரெட்ட விட்டுட்டார்). 1961ல ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் போடும்போது அபினி, கொக்கெய்ன் எடுக்கிற கோகா இலை, கஞ்சா எல்லாம் பட்டியல்ல ஏறுது, புகையிலை ஏறல. அந்த மீட்டிங் ரூம்ல எத்தனை ஆஷ்ட்ரே நிறைஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

இன்னொரு காரணமும் உண்டு, இத யாரும் பெருசா பேசுறது இல்ல. சிகரெட் ஆள தள்ளாட வைக்காது. ஊதிட்டு வண்டி ஓட்டலாம், கணக்கு எழுதலாம், ஆபரேஷன் கூட பண்ணலாம். பக்கத்துல இருக்குறவன் பயப்படுற மாதிரி எதுவும் நடக்காது. சட்டம் பெரும்பாலும் நோய்க்கு பயந்து வர்றதில்ல, கலாட்டாவுக்கு பயந்துதான் வருது. முப்பது வருஷம் கழிச்சு ஆஸ்பத்திரி பெட்ல நடக்குற சாவு யார் கண்ணையும் உறுத்தாது.

எண்ணிக்கை பத்தி சொல்லியிருந்தீங்க. புகையிலையால வருஷத்துக்கு 70 லட்சத்துக்கும் மேல சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, மத்த போதைப்பொருளால 2019ல சுமார் 6 லட்சம். கேக்கவே பகீர்னு இருக்கு. ஆனா புகையிலை உபயோகிக்கிறவங்க உலகத்துல சுமார் 125 கோடி, மத்தது உபயோகிக்கிறவங்க 30 கோடிக்கு பக்கம், அதுலயும் பெரும்பாலானவங்க கஞ்சா. தலைக்கு இவ்வளவுன்னு வகுத்துப் பாத்தா அந்த பல மடங்கு வித்தியாசம் ரொம்ப சுருங்கிடும். அதோட ஹெராயின் ஓவர்டோஸ்ல போறவன் பல சமயம் 30, 35 வயசு ஆளு, சிகரெட்ல போறவர் அறுபது எழுபதுல. அதனால "சிகரெட்தான் ஹெராயின விட மோசம்"னு ஒரே வரியில அடிச்சு விடாதீங்க, எதிர்ல ஒரு விவரமான ஆள் இருந்தா அங்கேயே மடக்கிடுவான்.

சித்தப்பா விஷயத்துக்கு வரேன். கிடைக்கலன்னா விட்டுடுவார்னு சொல்றீங்க. ஒரு இழுப்பு இழுத்தா பத்து இருபது செகண்ட்ல நிக்கோட்டின் மூளைக்கு போயிடும். ஒரு சிகரெட்டுக்கு பத்து இழுப்புன்னு வச்சா 20 சிகரெட் பாக்கெட்டுக்கு 200 தடவை, தினமும் 200 தடவை அவர் மூளைக்கு ஒரு சின்ன பரிசு போகுது, காபி குடிச்சதும், போன் பேசினதும், சாப்பிட்டு எழுந்ததும், பஸ்ஸுக்கு நிக்கும்போதும். நாள் பூரா இப்படி தச்சு வச்ச பழக்கத்த கடைக்காரர் ஷட்டர இறக்கினா மட்டும் பிரிச்சுட முடியாது. கடை மூடினா அவர் வேற ஆள தேடிப் போவார். நிக்கோட்டின் பேட்ச், வரனிக்ளின் மாத்திரை, கூடவே ஒரு நல்ல கவுன்சிலிங், இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. முதல் தடவையே விட்டுடுவார்னு எதிர்பாக்காதீங்க, திரும்ப ஆரம்பிச்சா திட்டாதீங்க. டாலும் மத்தவங்களும் பிரிட்டிஷ் டாக்டர்களையே 50 வருஷம் பின்தொடர்ந்து 2004ல போட்ட கணக்குப்படி, தொடர்ந்து புகைக்கிறவங்களுக்கு சராசரியா 10 வருஷ ஆயுள் போகுது, ஆனா 60 வயசுல விட்டா கூட 3 வருஷம் திரும்ப கிடைக்குது, 50ல விட்டா 6 வருஷம். இத அவர்கிட்ட சொல்லுங்க, பாக்கெட்ல இருக்குற படத்த விட இது நல்லா மண்டையில ஏறும்.

சரி, தடை. தடைய யாரும் முயற்சி பண்ணலன்னு நினைக்காதீங்க. 1633ல துருக்கியோட ஒட்டமான் சுல்தான் நாலாம் முராத் புகைச்சா மரண தண்டனைன்னு சொன்னார், நிறைய பேர கொன்னும் போட்டார், ஜனங்க ஒளிஞ்சு ஊதினாங்க. பழைய கதைய விடுங்க, பூட்டான பாருங்க. 2004ல விற்பனைக்கு தடை, 2010ல இன்னும் கடுமையான சட்டம், வரி கட்டின ரசீது இல்லாம அளவுக்கு மேல வச்சிருந்தா மூணுல இருந்து அஞ்சு வருஷம் உள்ள. 2011ல அந்த சட்டத்துல மாட்டினவர் யார் தெரியுமா, 23 வயசு புத்த பிக்கு, கையில மெல்லுற புகையிலை பாக்கெட் கொஞ்சம், அதுக்கு மூணு வருஷம். நாட்டுல கொந்தளிப்பு வந்து அடுத்த வருஷமே சட்டத்த தளர்த்தினாங்க. அப்புறம் கொரோனா வந்ததும், எல்லைய தாண்டி புகையிலை கடத்துறவங்க நோயையும் சேர்த்து கொண்டு வந்துடுவாங்களோன்னு பயந்து 2020ல தற்காலிகமா விக்க விட்டாங்க, 2021ல தடையையே எடுத்துட்டாங்க. தென்னாப்பிரிக்கா 2020 மார்ச் கடைசியில லாக்டவுனோட சிகரெட் விற்பனைய நிறுத்துச்சு, ஆகஸ்ட் வரைக்கும் கிட்டத்தட்ட அஞ்சு மாசம். விலை எக்கச்சக்கமா ஏறுச்சு, புகைக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க எப்படியோ வாங்கிட்டேதான் இருந்தாங்க, அந்த அஞ்சு மாசத்துல வேர் விட்ட கள்ள மார்க்கெட் தடை போன பிறகும் போகல.

இப்போ இதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. அமெரிக்காவுல 1965ல பெரியவங்கள்ல 42 சதவீதம் பேர் சிகரெட் புகைச்சாங்க, 2021ல அது 11.5 சதவீதம். பிரிட்டன்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். வரிய ஏத்தினாங்க, விளம்பரத்த நிறுத்தினாங்க, ஆபீஸ்லயும் விமானத்துலயும் புகைக்க விடல, பாக்கெட்ல எச்சரிக்கை போட்டாங்க, ஆஸ்திரேலியா 2012ல பாக்கெட்டோட கலர் டிசைன் எல்லாத்தையும் உருவிட்டு ஒரே அழுக்குப் பச்சையில விக்க வச்சது. புகைச்ச குத்தத்துக்காக யாரையும் ஜெயில்ல போடாமயே முக்கால்வாசி பழக்கம் கரைஞ்சிருக்கு தம்பி. ஹெராயினுக்கோ கொக்கெய்னுக்கோ எதிரா 1971ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் போர் அறிவிச்சதுல இருந்து எத்தனை லட்சம் பேர உள்ள தள்ளியிருக்காங்க, இந்த மாதிரி ஒரு கோடு கீழ இறங்கினத காட்ட முடியுமா?

அதனால நான் உங்க வாதத்த அப்படியே திருப்பிப் போடுறேன். சட்டம் ரெண்டையும் ஒரே மாதிரி பாக்கணும்னா, சிகரெட் புகைக்கிறவர போதைப்பொருள் குற்றவாளி மாதிரி நடத்த வேண்டாம், மத்த போதைக்கு அடிமையானவர சிகரெட் புகைக்கிறவர் மாதிரி நடத்தலாம், அதாவது நோயாளியா. போர்ச்சுகல் 2001ல இதத்தான் பண்ணுச்சு. பத்து நாள் சொந்த உபயோகத்துக்கு மேல போகாத அளவுன்னா கிரிமினல் கேஸ் இல்ல, ஒரு குழு முன்னாடி போய் நிக்கணும், தேவைன்னா சிகிச்சைக்கு அனுப்புவாங்க. விக்கிறது அங்க இன்னும் குற்றம்தான்.

"இல்ல மத்ததையும் திறந்து விடணும்"னு ஒரு வரி போட்டிருக்கீங்களே, அதுக்குதான் என் பதில் கண்டிப்பா கிடையாது. புடிக்கிறவன ஜெயில்ல போடாம இருக்கிறது வேற, விக்கிறவன் கையில மெஷினும் விளம்பர பட்ஜெட்டும் குடுக்கறது வேற. புகையிலை இவ்வளவு பேர கொன்னதுக்கு இலை மட்டும் காரணம் இல்ல, அத வித்த விதம். சிகரெட் நிஜமாவே கெடுதலான்னு ஜனங்க மனசுல கிளப்புற சந்தேகம்தான் நம்ம சரக்குன்னு 1969லயே ஒரு சிகரெட் கம்பெனி தன்னோட உள் குறிப்புல எழுதி வச்சிருந்துச்சு. 1994ல ஏழு பெரிய கம்பெனி தலைவருங்க அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு வரிசையா ஒவ்வொருத்தரா நிக்கோட்டினுக்கு யாரும் அடிமையாக மாட்டாங்கன்னு சொன்னாங்க, வீடியோவே இருக்கு, முகத்துல ஒரு சின்ன வெக்கம் கூட இருக்காது. கஞ்சாவையும் கொக்கெய்னையும் தூக்கி இவங்க கையில குடுங்கன்னு கேக்க எனக்கு பைத்தியமா?

வரிப் பணம்னு சொன்னீங்க, அது பாதி உண்மை. நியூசிலாந்து 2022ல, 2009 ஜனவரி 1ல இருந்து பொறந்தவங்களுக்கு எப்பவுமே சிகரெட் விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது, கடை எண்ணிக்கைய 6000ல இருந்து 600ஆ குறைக்கணும், நிக்கோட்டின் அளவையே குறைக்கணும்னும் அதுல இருந்துச்சு. அடுத்து வந்த அரசாங்கம் அது அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே 2024ல ரத்து பண்ணிடுச்சு, சிகரெட் வரி வருமானம் தங்களோட வரிக்குறைப்புக்கு உதவும்னு நிதியமைச்சரே வாய்விட்டு சொன்னாங்க. ஆனா வரிங்கறது அரசாங்கத்துக்கு வருமானம் மட்டும் இல்ல, சின்னப் பசங்கள பழகவிடாம தடுக்கறதுல அத விட பலமான ஆயுதம் வேற இல்ல. அதுக்கும் ஒரு எல்லை உண்டு, ஆஸ்திரேலியாவுல வரிய உச்சத்துக்கு கொண்டு போனதுல கள்ள சிகரெட் குவிஞ்சு, இப்போ மெல்பர்ன்ல போட்டி கோஷ்டிங்க ஒருத்தர் கடைக்கு ஒருத்தர் தீ வைக்கிறாங்க. தடை பண்ணினா வர்ற அதே வியாதி, மாத்திரைய அளவுக்கு மீறி குடுத்தாலும் வருது.

பொறந்த வருஷத்த வச்சு தடுக்கற அந்த நியூசிலாந்து ஐடியா எனக்கு புடிச்சிருக்கு, ஏன்னா ஏற்கனவே மாட்டினவர அது தண்டிக்கல, புதுசா யாரும் மாட்டாம பாக்குது. ஆனா நாப்பது வயசு ஆளு கடையில ஐடி கார்ட் காட்டி, நாப்பத்தோரு வயசு நண்பனுக்கு உண்டு உனக்கு கிடையாதுன்னு கேட்டுட்டு வர்றத நினைச்சா கொஞ்சம் சிரிப்பாவும் இருக்கு, அது நடைமுறையில நிக்குமான்னு ஒரு தயக்கமும் இருக்கு. 2007 ஜனவரி 1ல இருந்து பொறந்தவங்களுக்கு மாலத்தீவு 2025 நவம்பர்ல இத அமல்படுத்திடுச்சு, அங்க சுற்றுலா வர்றவங்களுக்கும் அதே விதிதான். பலன் தெரிய பத்து வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயாவது போராடணும்னா கடை எண்ணிக்கையையும் நிக்கோட்டின் அளவையும் குறைக்கச் சொல்லி போராடுங்க, நியூசிலாந்து போட்டு பாக்காமலே தூக்கிப் போட்ட அந்த ரெண்டையும் எந்த நாடாவது எடுத்து செஞ்சு காட்டணும்னு எனக்கு ஆசை.