ஷிப்ட் முடிந்த பிறகு டீம்ஸைத் திறக்கும் ஊழியருக்கு அறிவிப்பு காட்டுவது எப்படி?

கேள்வி கேட்டவர், அலுவலக உரையாடலுக்கான மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலியில் கடை ஊழியர்களுக்கு இதைச் செய்ய விரும்புகிறார். முதலில் பார்க்க வேண்டியது நேர அட்டவணை. டீம்ஸுக்குள் இருக்கும் பணிநேர அட்டவணைச் செயலியான ஷிப்ட்ஸில் அது பதிவாகி, ஊழியர்களுக்குப் பகிரப்பட்டிருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய தாளில் மட்டும் இருந்தால், யார் எப்போது பணியில் இருக்கிறார் என்று மென்பொருளுக்குத் தெரியாது.

அடுத்து, நிர்வாகி பவர்ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து அமைப்புகளை மாற்றும் கருவி) ஷிப்ட்ஸ் கொள்கை ஒன்றை, அதாவது அறிவிப்பு எப்படி வர வேண்டும் என்ற அமைப்புகளின் தொகுப்பை, உருவாக்கி, உரிய ஊழியர்களுக்கு ஒதுக்க வேண்டும். அறிவிப்பு ஒவ்வொரு முறையும் வரலாம், பணிநிலை மாறும்போது ஒருமுறை மட்டும் வரலாம், வராமலும் இருக்கலாம். நான் ஒருமுறையைத்தான் தேர்ந்தெடுப்பேன்; ஓயாமல் வந்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

தயார் வாசகங்களை விட்டுவிட்டு, தயவுசெய்து உங்கள் சொந்த வாசகத்தை எழுதுங்கள். "உங்கள் ஷிப்ட் முடிந்துவிட்டது. இப்போது பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை" என்று அவர்கள் பேசும் மொழியிலேயே இருக்கட்டும். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் வீட்டிலிருந்து பதில் அனுப்பினால், அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்ற கேள்வி எழும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் இந்த வசதியே.

ஒன்றை மறக்காதீர்கள்: இது எச்சரிக்கை மட்டுமே. ஒப்புக்கொண்டு தட்டினால் உள்ளே போய்விடலாம். உண்மையிலேயே தடுக்க வேண்டுமென்றால், சாதனங்களையும் செயலிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்ட்யூனின் செயலிப் பாதுகாப்புக் கொள்கையில் பணியில்லா நேரத்துக்கான நிபந்தனையைச் சேர்த்து, 'தடு' என்று அமைக்க வேண்டும். அதற்கு முன், அவசரத்துக்கு ஊழியரை அழைக்க வேறு வழி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.