வாசகர் கேள்வி: பூச்சிக் குளிசை கொடுத்தும் புழு ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பாடசாலையில் கொடுக்கும் பூச்சிக் குளிசையைத் தவறாமல் விழுங்குகிறான். ஆனாலும் போன மாதம் மலத்தோடு ஒரு நீண்ட புழு வந்தது. குருதிப் பரிசோதனையில் இயோசினோபில் 12 வீதம் என்றிருந்தது. சின்னமுத்து ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்கிறார்கள். புழுவுக்கு மட்டும் உடல் ஏன் எதிர்ப்பைப் பழகிக்கொள்வதில்லை? வயிற்றில் கொஞ்சம் பூச்சி இருந்தால்தான் தொய்வு வராது என்று மாமி சொல்வதில் உண்மை உண்டா?
— ஒரு தாய், கோப்பாய்

பதில்: உங்கள் மகனின் மலத்தோடு வந்தது பெரும்பாலும் வட்டப்புழுவாக இருக்கும். பிள்ளைகளின் குடலில் வழக்கமாகக் குடியேறும் புழுக்களுள் பெற்றோரைத் திடுக்கிட வைக்கும் நீளம் கொண்டது அதுதான். பெண் புழு 20 முதல் 35 சென்ரிமீற்றர் வரை வளரும்; நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டைகள் இடும். சின்னமுத்துக் கிருமியின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அந்தக் கிருமி கலத்துக்குள் புகுந்து பெருகும் ஒரு வைரசு. பிறபொருளெதிரிகள் அதைப் பற்றிக்கொண்டாலோ, அது புகுந்த கலத்தை வெண்குழியங்கள் அழித்துவிட்டாலோ, காரியம் முடிந்துவிடும். குடலில் நெளியும் ஓர் அடிப் புழுவை எந்த வெண்குழியத்தாலும் விழுங்க முடியாது. அதன் தடித்த மேற்தோலோ நம் சமிபாட்டு நொதியங்களுக்கே அசைந்து கொடுக்காதது. ஆகவே அதைக் கொல்வதைவிட வெளியே தள்ளுவதிலேயே உடல் தன் பலத்தைச் செலவிடுகிறது.

அந்தத் தள்ளும் வேலை எங்கே தொடங்குகிறது என்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவாயிற்று. குடலின் உட்சுவரில், நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத எண்ணிக்கையில், தலையில் குஞ்சம் வைத்தாற்போன்ற சில கலங்கள் உண்டு. அவற்றின் தொழில் என்னவென்று பல பத்தாண்டுகளாக எவருக்கும் விளங்கவில்லை. புழு வந்திருப்பதை முதலில் மோப்பம் பிடிப்பவை அவையே என்று, எலிகளில் செய்த ஆய்வுகள் மூலம், 2016ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. நாக்கில் சுவையறியும் கலங்கள் பயன்படுத்தும் இரசாயனப் பொறிமுறையையே இந்தக் குஞ்சக் கலங்களும் பயன்படுத்துகின்றன என்பதைப் படித்தபோது, குடலுக்கும் ஒரு நாக்கு உண்டோ என்று நான் வியந்தேன். அவை இன்ரலூக்கின் 25 என்ற தூதுப் பொருளைச் சுரக்க, அருகிலுள்ள நிணநீர்க் கலங்கள் விழித்து இன்ரலூக்கின் 13ஐ வெளியிடுகின்றன. அதன் பிறகு குடல் தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது: சளி சுரக்கும் கிண்ணக் கலங்கள் பெருகுகின்றன, நீர் கூடுதலாகச் சுரக்கிறது, குடற்தசை வலுவாகச் சுருங்குகிறது. உட்சுவரின் பழைய கலங்கள் உதிர்ந்து புதியவை மேலேறும் வேகமும் கூடுவதால், தலையைக் குடற்சுவரில் செருகிக்கொண்டு வாழும் சாட்டைப்புழு போன்றவை, தாம் பற்றியிருந்த இடமே நழுவிப்போக, மலத்தின் பாதைக்குத் தள்ளப்படுகின்றன.

இனி அந்த 12 வீதத்துக்கு வருவோம். வழக்கமாக வெண்குழியங்களுள் இயோசினோபில் என்ற வகை 6 வீதத்தைத் தாண்டுவதில்லை. 1879இல் ஜேர்மன் மருத்துவர் போல் ஏர்லிக் இவற்றைச் சாயமிட்டு இனங்கண்டார். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் பார்த்தால், மூக்குக் கண்ணாடியின் இரு வில்லைகளைப் போல இரண்டாகப் பிரிந்த கருவும், அதைச் சுற்றிப் பவளமல்லிக் காம்பின் நிறத்தில் நெருக்கியடித்த சிறுமணிகளும் தெரியும். புழுவின் குடம்பிகளை, அதாவது முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவத்தை, துளைக்கக்கூடிய நச்சுப் புரதங்கள் அந்த மணிகளுக்குள்தான் இருக்கின்றன. குடம்பி என்று குறிப்பிடக் காரணம் உண்டு. விழுங்கப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் வட்டப்புழுக் குடம்பி குடலில் தங்குவதில்லை. குடற்சுவரைத் துளைத்துக் குருதி வழியே ஈரலுக்கும் நுரையீரலுக்கும் சென்று, சுவாசக் குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்ட பின்னரே குடலில் வளர்ந்து பெரிதாகிறது. இழையங்களுக்குள் நடக்கும் இந்தப் பயணத்தின்போதுதான் இயோசினோபில்கள் பெருமளவில் எழுகின்றன. சில பிள்ளைகளுக்கு அப்போது வறட்டு இருமலும் இழுப்பும் வருவதுண்டு. எனினும் ஒவ்வாமை, தொய்வு, கரப்பன் ஆகியவற்றிலும் இந்த எண்ணிக்கை கூடும் என்பதால், இதை மட்டும் வைத்துப் புழு என்று முடிவு கட்டக் கூடாது.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் நிலையான எதிர்ப்பு ஏன் உண்டாவதில்லை? புழு சும்மா இருப்பதில்லை என்பதே காரணம். நம் உடலில் சண்டையைத் தணிக்கும் ஒழுங்காக்கும் ரி கலங்கள் உள்ளன. புழுக்கள் வெளிவிடும் பொருட்கள் அவற்றைத் தம் பக்கம் அழைத்துக்கொள்கின்றன. எலியின் குடலில் வாழும் ஒரு புழு, அந்தத் தணிப்புக் கலங்களை உருவாக்கும் சமிக்ஞையைப் போலவே செயற்படும் ஒரு புரதத்தைத் தானே சுரக்கிறது. இதில் உடலுக்கும் ஓர் ஆதாயம் உண்டு: மாதக்கணக்கில் முழு வேகத்துடன் போராடினால் புழுவைவிடக் குடலே அதிகம் புண்படும். அதனால் சிலவற்றை வெளியேற்றி, எஞ்சியவற்றோடு ஒருவாறு ஒத்துப்போகும் நிலை ஏற்படுகிறது. பூச்சிக் குளிசையாகக் கொடுக்கும் மெபெண்டசோல், புழு குளுக்கோசை உறிஞ்சுவதைத் தடுத்து அன்று குடலில் இருப்பவற்றை அழிக்கும். அடுத்த மாதம் விழுங்கப்போகும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. வட்டப்புழு மனித உடலுக்குள் பெருகுவதுமில்லை. வந்த ஒவ்வொரு புழுவும் வெளியிலிருந்து விழுங்கப்பட்ட ஒரு முட்டைதான். ஈர மண்ணில் அம்முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், நிலத்தோடு படர்ந்த வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் அரைக்கும் நம் வீடுகளில் இலையிலையாக, ஓடும் நீரில் கழுவுவது அவசியம்.

மாமி சொல்வதை முற்றாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அதன் பின்னால் ஓர் உண்மையான விவாதம் இருக்கிறது. பிள்ளைப் பருவத்துத் தொற்றுகள் குறைந்ததே ஒவ்வாமை கூடக் காரணம் என்ற கருத்தை 1989இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராகன் முன்வைத்தார். ஆபிரிக்காவின் கபோன் நாட்டில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், குருதியில் வாழும் ஒருவகைத் தட்டைப்புழு உள்ள பிள்ளைகளுக்குத் தூசுப் பூச்சிக்கான தோல் ஒவ்வாமை குறைவாகவே காணப்பட்டது. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கொழுக்கிப்புழு தொய்வைக் குறைப்பதாகவும் வட்டப்புழு அதைக் கூட்டுவதாகவும் தெரியவந்தது. உங்கள் மகனிடம் இருப்பதோ பெரும்பாலும் வட்டப்புழு. இறாலிலும் தூசுப் பூச்சியிலும் உள்ள திரொப்போமையோசின் என்ற ஒவ்வாமைப் புரதத்தைப் பெரிதும் ஒத்த ஒன்று வட்டப்புழுவிலும் உண்டு. ஒன்றுக்கு எதிராக எழுந்த, ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஈ பிறபொருளெதிரி மற்றதையும் பற்றிக்கொள்ளலாம். வளரும் பிள்ளையின் உணவைப் பங்கு கேட்கும் புழுவைத் தொய்வுக்குக் காவலென்று வைத்திருக்க வேண்டாம், மருந்து கொடுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் வெறுங்காலோடு தண்ணீர் மாறிய மறுநாள் விரலிடுக்கில் தாங்க முடியாத கடி வருகிறது. இளவயதில் இவ்வளவு இருக்கவில்லை. புழு காரணமாகலாமா?
— விவசாயி, உரும்பிராய்

பதில்: ஆகலாம். கொழுக்கிப்புழுவின் குடம்பி வாயால் நுழைவதைவிடப் பாதத் தோலைத் துளைத்தே பெரும்பாலும் உள்ளே வருகிறது. முன்னர் சந்தித்த குடம்பியை உடல் நினைவில் வைத்திருப்பதால், பிந்திய தொற்றுகளில் தோலின் எதிர்வினை கடுமையாகும். அந்தக் கடி ஒருவகையில் உடலின் எதிர்ப்பே. ஆனால் அதையும் தாண்டிக் குடலை அடைபவை ஆண்டுக்கணக்கில் குருதி உறிஞ்சும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.03 மில்லிலீற்றர்தான் எடுக்கும் என்றாலும், நூறு புழுக்கள் சேர்ந்தால் 3 மில்லிலீற்றர் ஆகிவிடும். ஈரத்தால் வரும் பூஞ்சணமும் விரலிடுக்கில் இப்படிக் கடிக்கும் என்பதால், ஈமோகுளோபின் அளவையும் மலத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். செருப்போ பூட்ஸோ இல்லாமல் தோட்டத்தில் இறங்காதீர்கள்.

கேள்வி: மூட்டு வருத்தத்துக்கு என் தகப்பனாருக்குப் பிரெட்னிசலோன் தொடங்குமுன் மலப் பரிசோதனை கேட்டார்கள். அவருக்கு வயிற்றில் ஒரு குறையும் இல்லை. பிறகு எதற்கு?
— ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: கேட்டவர் சரியாகவே கேட்டிருக்கிறார். புழு மனித உடலுக்குள் பெருகுவதில்லை என்று வட்டப்புழுவைப் பற்றி மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு: ஸ்ட்ரொஞ்சிலொயிடிஸ் என்ற சிறிய புழு மனித உடலுக்குள்ளேயே தன் சந்ததியைத் தொடரவல்லது. இளமையில் மண்ணிலிருந்து ஏறிய புழு, எந்த அறிகுறியும் காட்டாமல் பல பத்தாண்டுகள் தங்கிவிடலாம். அதுவரை அதை அளவோடு அடக்கி வைத்திருப்பது நான் முன்னர் விவரித்த அதே எதிர்ப்புத்தான். பிரெட்னிசலோன் அந்த எதிர்ப்பைத் தளர்த்தும்போது குடம்பிகள் கட்டுமீறிப் பெருகிக் குடற்சுவரைத் துளைத்து, நுரையீரலுக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவி, குடல் பக்டீரியாக்களையும் குருதிக்குள் இழுத்துச் செல்கின்றன. அது உயிருக்கே ஆபத்தானது. முன்கூட்டியே கண்டறிந்தால் ஐவர்மெக்டின் மருந்து கொண்டு நீக்கிவிடலாம். குடம்பிகள் மலத்தில் விட்டுவிட்டே வெளிவருவதால் ஒரு மாதிரியில் தென்படாமல் போகலாம். வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகளையாவது கொடுங்கள், வசதி இருந்தால் பிறபொருளெதிரிக்கான குருதிப் பரிசோதனையையும் வைத்தியரிடம் கேட்டுச் செய்வியுங்கள்.